காணிக்கைப் பெட்டிக்கு எதிரே



இயேசு உட்கார்ந்திருந்தார். பொதுக்காலத்தின் 32-ஆம் ஞாயிறாகிய இன்று, மாற்கு நற்செய்தியின் 12-ஆம் அதிகாரத்திலிருந்து கேட்டோம். மறைநூல் அறிஞரைக் குறித்துக் கடுமையாக எச்சரித்த பிறகு ஆண்டவர் கோயிலை விட்டுப் போய்விடவில்லை. காணிக்கைப் பெட்டிக்கு எதிரே வந்து அமர்ந்தார். மக்கள் காசு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவர் இருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். பாஸ்கா நெருங்கிவிட்டது. வணிகர்களைக் கோயிலிலிருந்து விரட்டிய நாள் முதல் தலைமைக் குருக்கள் அவரை ஒழிக்க வழி தேடுகிறார்கள். உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று ஒரு கூட்டம் வந்து மடக்கியது. சீசருக்கு வரி கட்டலாமா என்று இன்னொரு கூட்டம். உயிர்த்தெழுதல் உண்டா என்று மற்றொரு கூட்டம். பேசிப் பேசிக் களைத்தவர், தம் உயிருக்கு நாள் நெருங்குகிறது என்று அறிந்தவர், கிடைத்த சிறிது நேரத்தில் என்ன செய்தார்? முன்பின் தெரியாதவர்கள் வருவதையும் போவதையும் கவனித்துக்கொண்டிருந்தார். சாவு நெருங்கிய நேரத்திலும் நம் ஆண்டவருக்கு மனிதரைப் பார்ப்பதில் சலிப்பு வரவில்லை. இந்த நற்செய்தியில் என்னைப் பிடித்து நிறுத்துவது முதலில் இதுதான். காசுகூட அப்புறம்தான்.

அவர் அமர்ந்த இடம் எருசலேம் கோயிலில் பெண்கள் வரக்கூடிய முற்றம். எக்காளம் போல வாய் வைத்த 13 பெட்டிகள் அங்கே இருந்ததாக யூத மரபு சொல்கிறது. அந்தக் காலத்தில் ரூபாய்த் தாள் கிடையாது, எல்லாம் நாணயம். செல்வர் பலர் வந்து மிகுதியாகப் போட்டார்கள் என்று மாற்கு எழுதுகிறார். நிறையப் போட்டால் நிறையச் சத்தம் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு செப்புக் காசுகளைப் போட்டார். அந்நாளில் புழங்கிய நாணயங்களில் அதைவிடச் சிறியது இல்லை. இரண்டையும் சேர்த்தால் ஒரு நாள் கூலியில் 64-இல் ஒரு பங்கு. இன்று ஒருவருக்கு நாள் கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மா போட்டது ஒரு பத்து ரூபாய் நாணயம்.

பத்து ரூபாய் விழுந்ததை அங்கிருந்த யாரும் பார்த்திருக்க முடியும். அதற்குப் பிறகு அந்தக் கையில் ஒன்றுமில்லை என்பதை இயேசு மட்டும் கண்டார். எப்படித் தெரிந்தது அவருக்கு? இறைமகன் அல்லவா, எல்லாம் அறிவார் என்று சொல்லிவிடலாம். அது உண்மைதான். ஆனால் அவர் மரியாவின் மகனும்கூட. நற்செய்திகளில் இயேசுவின் இளமைக்குப் பிறகு சூசையப்பர் காணப்படுவதில்லை, அவர் முன்னமே இறந்திருக்க வேண்டும் என்பது திருச்சபையின் நெடுங்கால எண்ணம். அப்படியானால் இயேசு ஒரு கைம்பெண்ணின் மகன். கடைசிக் காசைக் கையில் பிடித்திருக்கும் பெண்ணின் விரல்கள் எப்படி இருக்கும் என்று நாசரேத்து வீட்டிலேயே பார்த்து வளர்ந்திருப்பார். தன் வீட்டில் ஒன்றை அன்போடு பார்த்தவன், அதையே தெருவில் கண்டாலும் அடையாளம் தெரிந்துகொள்கிறான்.

இதே போல ஒரு கோயிலில் உட்கார்ந்து ஒரு பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரைத் திருவிவிலியத்தில் நாம் சந்திக்கிறோம். சாமுவேல் முதல் நூலைத் திறந்ததும் சீலோ ஆலயத்தின் கதவு நிலையருகே இருக்கையில் அமர்ந்திருக்கிறார் குரு ஏலி. உள்ளே ஒரு பெண் அழுதுகொண்டே வேண்டுகிறாள். உதடு அசைகிறது, குரல் வரவில்லை. ஏலி அவளுடைய வாயையே கவனிக்கிறார். கவனித்துவிட்டு, குடித்திருக்கிறாள் என்று முடிவு கட்டி அதட்டுகிறார். குழந்தை இல்லாத துயரத்தில் நெஞ்சு வெடித்து நின்ற அன்னாவைத்தான் அப்படி நினைத்தார். அவரைக் கண்ணில்லாதவர் என்று சொல்ல முடியாது, நன்றாகத்தான் பார்த்தார். உதட்டைப் பார்த்தார், அழுகையைப் பார்த்தார். பார்த்ததற்கும் தீர்ப்புக்கும் இடையில் ஒரு மூச்சு நேரம்கூட விடவில்லை. அன்னா தன் மனத்தைத் திறந்து பேசிய பிறகு அவரே சமாதானம் சொல்லி அனுப்பினார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அது அவருடைய பெருமை. ஆனால் அவள் பேசியிருக்காவிட்டால்?

நம் திருச்சியில் நாம் தினமும் ஏலியின் இருக்கையில் உட்கார்கிறோம். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறுங்கள். மத்தியப் பேருந்து நிலையத்தில் கிளம்பி, சத்திரம் பேருந்து நிலையம் வந்து, காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்வதற்குள் எத்தனை முகங்கள்! சன்னலோரம் ஒரு வாலிபன் தூங்குகிறான். பக்கத்தில் ஒரு பாட்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதை இல்லை என்று யாரோ முணுமுணுக்கிறார்கள். அவன் தோள் சட்டையைப் பாருங்கள், மூட்டை உராய்ந்து நைந்திருக்கும். காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி லாரிகள் வருவது ராத்திரியில். ஊர் தூங்கும்போது மூட்டை இறக்கிவிட்டு, ஊர் எழும்போது இந்தப் பஸ்ஸில்தான் அவர்கள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள்.

2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. கீரைக் கூடையோடும் பூக்கூடையோடும் ஏறும் அம்மாக்களைப் பார்த்து, ஓசியில் வருகிறார்கள் என்று சிலர் காதுபடவே பேசுகிறார்கள். கிறிஸ்தவர்களும் பேசுகிறார்கள், எனக்கு வருத்தம். போக வரக் கட்டணம் மிச்சமானால் அந்த வீட்டில் ஒரு வேளைக்குப் பால் வாங்கலாம், பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்கலாம். இரண்டு செப்புக் காசின் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

அதே பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? செல்போனில் மூழ்கியிருந்தவர்கள்கூடத் தலையைத் தூக்குகிறார்கள். தண்ணீர் போகிறதா என்று எல்லாரும் ஆற்றைப் பார்க்கிறார்கள். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். ஒரு தாய் குழந்தையைச் சன்னலுக்குத் தூக்கிக் காட்டுவாள். வெறும் மணல் கிடக்கும் மாதங்களில், மேட்டூர் அணையை எப்போது திறப்பார்களோ என்று யாரோ சொல்ல, முன்பின் தெரியாத ஒருவர் பதில் சொல்வார். பாலம் முடிந்ததும் அவரவர் மௌனத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஒரே ஆற்றை நம்பிப் பிழைக்கிறவர்கள் நாம் என்பது அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லா முகத்திலும் தெரிகிறது. இந்து, இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்று அங்கே பிரிக்க முடியாது. திருச்சிக்காரர்களுக்குக் கடவுள் தந்திருக்கும் ஒரு வழிபாடு அது என்று நான் நினைக்கிறேன்.

இன்றைய முதல் வாசகத்துக்கு வருகிறேன். அரசர்கள் முதல் நூலில் இறைவாக்கினர் எலியா, சீதோன் நாட்டுச் சாரிபாத்து ஊருக்குப் போகிறார். வெளிநாடு, வேற்று மக்கள். நகர வாயிலில் ஒரு பெண் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பஞ்ச காலத்தில் எந்த ஊர் வாசலிலும் காணக்கூடிய காட்சி. எலியா தண்ணீர் கேட்கிறார், அவள் கொண்டுவரப் போகிறாள், கூப்பிட்டு அப்பமும் கேட்கிறார். அப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. பானையில் கையளவு மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டுத் தானும் மகனும் தின்றுவிட்டுச் சாவதற்குத்தான் அந்தச் சுள்ளி.

பாருங்கள், எலியாவின் கண்ணில் பட்டது சுள்ளி பொறுக்கும் ஒரு பெண் மட்டுமே. அந்தச் சுள்ளிக்குப் பின்னால் ஒரு சாவு இருந்தது கண்ணுக்குத் தெரியவில்லை, பேசிய பிறகுதான் தெரிந்தது. இறைவாக்கினரே ஆனாலும் தூரத்திலிருந்து பார்த்து எல்லாவற்றையும் அறிந்துவிட முடியாது. கிட்டே போக வேண்டும். ஏதாவது ஒன்றைக் கேட்க வேண்டும். அதுவும் எலியா எப்படித் தொடங்கினார் என்று கவனியுங்கள். உனக்கு என்ன கஷ்டம் என்று விசாரிக்கவில்லை, குடிக்கத் தண்ணீர் கேட்டார். தான் தேவையுள்ளவராக அவள் முன் நின்றார். சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவரும் அப்படித்தான் பேச்சைத் தொடங்கினார், உங்களுக்கு நினைவிருக்கும். ஏழைகளிடம் பேசப் போகிறவர்கள் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. விசாரணை செய்தால் அவர்கள் கூசிப்போவார்கள். ஒரு வாய்த் தண்ணீர் கேட்டால் நிமிர்ந்து நிற்பார்கள்.

புத்தூர் அரசு மருத்துவமனைக்கு நோயில்பூசுதலுக்காக அடிக்கடிப் போகிறேன். வாசலில் டீக்கடைகள் உண்டு. விடியற்காலையில் அங்கே ஒரு வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழும்: "அண்ணே, டீ ஒண்ணு, கப் ரெண்டு." மணப்பாறையிலிருந்தும் துறையூரிலிருந்தும் நோயாளியோடு வந்து, ராத்திரி முழுக்கத் தாழ்வாரத்தில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தவர்கள். ஒரு டீயை இரண்டாகப் பகிர்ந்துகொள்வார்கள். சில கடைக்காரர்கள் இரண்டு கப்பிலும் ஊற்றிவிட்டு, குறைகிற அளவுக்குக் கொஞ்சம் மேலேயும் ஊற்றுவார்கள். அதற்குக் காசு கேட்க மாட்டார்கள், முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள், அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். சாரிபாத்தில் மாவும் எண்ணெயும் குறையாமல் இருந்தது என்று இன்று வாசிக்கக் கேட்டோம். அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு டீ ஊற்றும் அந்தக் கை நினைவுக்கு வருகிறது.

நற்செய்திக்குத் திரும்புவோம். இன்றைய பகுதி 44-ஆம் வசனத்தோடு முடிகிறது. அடுத்த வசனத்தை வீட்டில் போய் வாசியுங்கள். கைம்பெண்ணைக் காட்டி இயேசு சொன்னதைக் கேட்டுவிட்டு, கோயிலை விட்டு வெளியே வரும்போது சீடர் ஒருவர் என்ன சொல்கிறார் தெரியுமா? போதகரே, எவ்வளவு பெரிய கற்கள், எவ்வளவு பெரிய கட்டடங்கள் என்று வியக்கிறார்! ஆண்டவர் கூப்பிட்டு ஒரு மனிதரைக் காட்டினார். சீடரின் கண் கல்லுக்குப் போய்விட்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. பெரியதைப் பார்க்கும் ஆசை நம் எல்லாருக்கும் உண்டு. திருச்சிக்கு வருகிறவர்கள் மலைக்கோட்டையை அண்ணாந்து பார்க்கிறார்கள், தெப்பக்குளம் பக்கம் நம் லூர்து அன்னை ஆலயத்தின் ஊசிக் கோபுரத்தையும் பார்க்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் 236 அடி உயரத்தில் ராஜகோபுரம் நிற்கிறது. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்று 1987-இல் நிறைவேறிய பணி அது. பார்த்து வியக்கத்தான் வேண்டும், எத்தனையோ பேருடைய பக்தியும் உழைப்பும் அதில் இருக்கிறது. இப்போது ஐப்பசி மாதம். இந்த மாதத்தில் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து தங்கக் குடத்தில் காவிரி நீரை யானைமேல் வைத்து அரங்கநாதர் கோயிலுக்கு எடுத்துப் போகிறார்கள். நம் சகோதர சமயத்தவர்களின் பக்தியை மதிப்போடு பார்க்கிறோம். யானை நடக்கும்போது தெருவே அதன் பின்னால் திரும்பும். அந்த நேரத்தில் படித்துறையில், திதி கொடுத்தவர்கள் ஆற்றில் விட்டுப்போன ஈரத் துணிகளை ஒருவர் கழியால் இழுத்துக் கரையில் சேர்த்துக்கொண்டிருப்பார். அடுத்து முழுக வருகிறவருக்குக் காலில் துணி சுற்றாமல் இருப்பது அவருடைய வேலையால். யானையைப் பார்த்த கண்கள் அவரையும் ஒரு முறை பார்த்துவிட்டுப் போகலாமே என்றுதான் சொல்கிறேன்.

நம்முடைய கல்லறைத் திருநாள் கடந்து ஒரு வாரம் ஆகிறது. அன்று நாம் எல்லாரும் அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிப் பூமாலை சாத்தினோம். யாரும் வராத கல்லறைகளில் சிலர் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவிட்டுப் போனதை நான் கண்டேன். யார் பெயர் என்றுகூட அவர்கள் வாசிக்கவில்லை. அப்படிச் செய்தவர்களில் சிலர் இப்போது இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆண்டவர் உங்களைப் பார்த்தார்.

சின்ன மனிதர்களைப் பார்க்கும் கண்ணுக்கு நம் ஊர் நல்ல பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த ஒரு பையன், நம் இயேசு சபைக் குருக்களின் தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு பெங்களூரில் பொறியாளராகி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கெடுத்தார். எழுத்தாளர் சுஜாதா. அவ்வளவு தூரம் போனவர், "ஸ்ரீரங்கத்து தேவதைகள்" எழுதத் திரும்பி வந்தது சித்திரை வீதிக்குத்தான். தெருவில் கிரிக்கெட் ஆடியவர்கள், கடையில் உட்கார்ந்து ஊர் நியாயம் பேசியவர்கள், எந்தச் சரித்திரத்திலும் இடம் பெறாதவர்கள். அவர் 2008-இல் காலமானார். அந்தத் தெரு மனிதர்கள் இன்னும் வாசிக்கப்படுகிறார்கள். எழுத்தாளருக்கு அது கலை. நமக்கு அதுவே ஜெபமாகவும் ஆகலாம்.

ஜெபமாக ஆனதற்கு ஒரு சாட்சி சொல்கிறேன். தாமஸ் மெர்ட்டன் என்ற அமெரிக்கத் துறவி 1941-இல் கெத்செமனி என்னும் மடத்தில் சேர்ந்தார். அவர் தேர்ந்துகொண்டது மௌனமும் தனிமையும். 1958 மார்ச் 18 அன்று ஒரு வேலையாக லூயிவில் நகரத்துக்குப் போனார். கடைவீதியின் நடுவில், நான்காம் தெருவும் வால்நட் தெருவும் சந்திக்கும் மூலையில், போகிறவர் வருகிறவர் எல்லாரையும் தாம் நேசிப்பதை, அவர்கள் யாரும் தமக்கு அந்நியர் இல்லை என்பதைத் திடீரென்று உணர்ந்தார். பதினாறு ஆண்டுகளுக்கு மேல் மடத்துக்குள் ஜெபித்த ஜெபம் அவரைக் கூட்டத்திலிருந்து பிரிக்கவில்லை, கூட்டத்தின் முகங்களுக்கே கொண்டுவந்து சேர்த்தது. இன்று அந்த மூலையில் அதற்கென ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. அவர் அங்கே கண்டது சாமான் வாங்க வந்தவர்களைத்தான், நம் பெரிய கடைவீதியில் தினமும் நடப்பவர்களைப் போன்றவர்களை.

ஆனால் சகோதர சகோதரிகளே, இங்கே ஓர் ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஏழைகளைப் பார்த்து உருகுவது எளிது. கைம்பெண் எவ்வளவு தாராளமாகக் கொடுத்தாள் என்று புகழ்ந்துவிட்டு, அப்படியே காணிக்கைத் தட்டை நீட்டிவிடுவதும் எளிது. மறையுரைகளில் அது நிறையவே நடந்திருக்கிறது. இயேசு அப்படிச் செய்யவில்லை. அவளைக் காட்டுவதற்கு நான்கு வசனம் முன்னால் அவர் என்ன சொன்னார்? நீண்ட அங்கி அணிந்து, சந்தையில் வணக்கம் எதிர்பார்த்து, விருந்தில் முதலிடம் தேடி, நெடுநேரம் ஜெபிப்பதாகக் காட்டிக்கொண்டே கைம்பெண்களின் வீடுகளை விழுங்குகிறவர்களைக் கண்டித்தார். அந்தச் சொல் காற்றில் இருக்கும்போதே ஒரு கைம்பெண் உள்ளே வருகிறாள், கையில் இரண்டே காசு. இவள் வீடு எங்கே போயிற்று என்று சீடர்கள் கேட்டிருக்க வேண்டும். அவளுடைய அன்பைப் புகழ்ந்த அதே கண், அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களையும் பார்த்தது. நீண்ட அங்கி அணிந்து இங்கே நிற்கிற எனக்கும் சேர்த்துத்தான் அந்த எச்சரிக்கை.

ஆகவே தெருவில் ஒரு துயரத்தைக் கண்டு நெஞ்சு நெகிழ்ந்தால், அதோடு நின்றுவிடாதீர்கள். எண்பது வயதுப் பாட்டி ராத்திரியில் பூ விற்றுக்கொண்டிருந்தால், அந்தச் சுறுசுறுப்பை மெச்சுவதற்கு முன்னால் அவர் ஏன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்ற கேள்வி வரட்டும். முதியோர் உதவித்தொகை வருகிறதா? பேரம் பேசாமல் ஒரு முழம் வாங்குங்கள், பக்கத்தில் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள். மனு எழுதத் தெரிந்தவர்கள் நம் பங்கில் எத்தனையோ பேர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள், தாலுகா அலுவலகத்தின் வழி தெரிந்தவர்கள். உங்கள் கண்ணும் கையும் அங்கே தேவைப்படுகின்றன.

இன்னொன்றையும் இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நம் கையில் எப்போதும் ஒரு கேமரா இருக்கிறது. பஸ்ஸில் தூங்குகிறவரை, படித்துறையில் அழுகிறவரை, அன்னதான வரிசையில் நிற்கிறவரைப் படம் பிடித்து ரீல்ஸ் போடுவது பழக்கமாகிவிட்டது. உதவி செய்யும்போதும் வாங்குகிறவர் முகம் படத்தில் விழ வேண்டும் என்று நிறுத்திவைக்கிறோம். ஆண்டவர் அந்தக் கைம்பெண்ணைச் சீடர்களுக்குக் காட்டினார், உண்மைதான். ஆனால் அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தவில்லை. அவள் பெயரைக் கேட்கவில்லை. தன்னைப் பற்றி ஒருவர் பேசினார் என்றுகூட அறியாமல் அவள் வீட்டுக்குப் போனாள். மாற்கும் பெயர் எழுதவில்லை. கோடிக்கணக்கான மக்கள் இருபது நூற்றாண்டுகளாக அவளை அறிந்திருக்கிறார்கள், அவளுடைய மானம் ஒரு துளியும் குறையவில்லை. பிறரைப் பார்ப்பதில் அந்தக் கண்ணியம் நமக்கு வேண்டும். பார்த்ததை ஊருக்குக் காட்டுவதற்கு முன் கடவுளிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு ஊருக்குக் காட்டத் தோன்றாது.

கடைசியாக, பார்ப்பதை ஒரு பணியாகவே ஏற்றுக்கொண்ட ஒருவரைப் பற்றி. பாரிஸ் நகரத்தில் பிரடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவர் இருந்தார். உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு இப்போது என்ன செய்கிறது என்று மற்ற மாணவர்கள் கேட்ட கேள்வி அவரைக் குத்தியது. 1833 ஏப்ரல் 23 அன்று, அவருக்கு இருபது வயது நிறைந்த நாளில், சில நண்பர்களோடு சேர்ந்து முதல் கூட்டம் கூட்டினார். எங்கே தொடங்குவது என்று அந்தப் பையன்களுக்குத் தெரியவில்லை. ஏழைகள் நடுவே வாழ்ந்த ரோசலி ராந்து என்ற அருள்சகோதரியிடம் போய்க் கேட்டார்கள். அவர் முகவரிகளைக் கொடுத்து வீடுகளுக்குப் போகச் சொன்னார். போய் உட்காருங்கள், பாருங்கள், பேசுங்கள். அதுதான் இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் வின்சென்ட் தே பவுல் சபை. 1997-இல் ஓசானாம் அருளாளர் ஆனார். அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் மாறவில்லை. இரண்டு இரண்டு பேராக வீடுகளுக்குப் போகிறார்கள்.

நம் பங்கிலும் அந்தச் சபை இருக்கிறது. அதில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள், மாடிப்படி ஏற முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களுக்குத் துணைக்கு ஆள் வேண்டும். கல்லூரிப் பிள்ளைகள் வந்தால் நல்லது. இன்று மாலை ஐந்து மணிக்குச் சபையினர் கோயில் வாசலில் கூடி, தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போகிறார்கள். கையில் எதுவும் கொண்டுவர வேண்டாம். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். முதல் வீட்டில் ஒரு பாட்டி இருக்கிறார், காபி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.